தரையில் நின்றவர்

திருச்சியில் ஒரு கிரேன் கம்பெனி. அங்கே ஒரு குருவும் ஒரு சீடரும் வேலை பார்த்தார்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

குருவின் பெயர் ஜெசிந்தா. முன்பு ஐடிஐயில் பாடம் நடத்தியவர். கம்பெனியின் பயிற்சிப் பிரிவுக்குத் தலைவியாக வந்த பிறகும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

சீடர் துரைக்கண்ணு. பெரிய கிரேன்களை ஓட்டுவதில் அவருக்கு இணையாகச் சொல்ல அந்தக் கம்பெனியில் ஆள் கிடையாது. ஓட்டுவதை அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கற்றுத்தருவதைக் கற்றுக்கொள்ளத்தான் டீச்சரிடம் வந்திருந்தார்.

அனுப்பி வைத்தவர் முதலாளி நாச்சியப்பன். "உங்களை மாதிரி நாலு பேரை உருவாக்கிக் கொடுங்க துரை. அது போதும்," என்று சொல்லியிருந்தார்.

துரைக்கண்ணு மனதார உழைத்தார். ஏசி போட்ட அறையில் வகுப்பு எடுத்தார். திரையில் படம் போட்டுக் காட்டினார். வகுப்பு முடிந்ததும் பரீட்சை வைத்தார். எல்லோரும் தேறினார்கள். ஆளுக்கொரு சர்டிபிகேட், மாலையில் ஒரு குரூப் போட்டோ.

ஆனால் சிக்கலான வேலை எது வந்தாலும் வாடிக்கையாளர் முதலில் கேட்பது ஒன்றைத்தான். "துரைக்கண்ணுதானே வர்றாரு?"

அவர்தான் போனார். ஒரே நாளில் இரண்டு இடத்தில் வேலை வந்தால் ஒன்றை விட்டுவிட வேண்டியிருந்தது. பயிற்சி முடித்தவர்களில் கெட்டிக்காரர்கள் இரண்டு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் ஓசூருக்கு, இன்னொருவர் துபாய்க்கு.

முதலாளி டீச்சரை அழைத்துக் கடிந்துகொண்டார். "நாம படிக்க வைக்கிறோம். எவனோ கூட்டிட்டுப் போறான்."

"அங்கே அவங்களுக்கு ஓட்டக் கிரேன் கொடுக்கிறாங்க சார்," என்றார் டீச்சர்.

"நம்மகிட்ட கிரேன் இல்லையா?"

"இருக்கு. அதுல துரைக்கண்ணு உட்கார்ந்திருக்காரு."

முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டார்.

ஒரு மாலை துரைக்கண்ணு டீச்சரின் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஒண்ணு கேட்கணும் டீச்சர்."

"உட்கார்ந்து கேளுங்க."

அவர் உட்காரவில்லை. "எனக்குத் தெரிஞ்சதுல எதையும் நான் மறைச்சு வச்சுக்கலை. எல்லாத்தையும் கொட்டிட்டேன். எல்லாரும் நல்லாத்தான் கத்துக்கிறாங்க. அப்புறம் ஏன் ஒருத்தர்கூட மேல வரலை?"

டீச்சர் திருப்பிக் கேட்டார்.

"நாளைக்கு யார்டுல என்ன பயிற்சி?"

"காஜா கான்கிரீட் கட்டையைத் தூக்கி ரெண்டு கோட்டுக்கு நடுவுல வைக்கணும்."

"நானும் வரேன்," என்றார் டீச்சர்.

காஜா மைதீனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பல வருடங்களாக இரண்டாவது ஆபரேட்டர். அதாவது, துரைக்கண்ணு இல்லாதபோது கிரேனைத் துடைத்து எண்ணெய் போட்டு, லேசான சரக்குகளைத் தூக்கி இறக்குபவர்.

மறுநாள் காலை காஜா கேபினில் ஏறினார். தரையில் சுண்ணாம்பால் இரண்டு கோடுகள் போட்டிருந்தார்கள். கட்டைக்கு எதிரே வெள்ளைச்சாமி நின்றார். கையை உயர்த்தியும் தாழ்த்தியும் ஆபரேட்டருக்குச் சைகை காட்டுவது அவர் வேலை. அவருக்குப் பின்னால் துரைக்கண்ணு, வாக்கி டாக்கியோடு.

"மெதுவா... மெதுவா. போதும். இடது பக்கம் திருப்பு. இன்னும் கொஞ்சம். நில்லு. இப்ப இறக்கு."

கட்டை இரண்டு கோட்டுக்கும் நடுவே பூப்போல இறங்கியது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

"பார்த்தீங்களா டீச்சர்? இதைவிட எப்படிச் சொல்லித்தர்றது?"

"அழகா இருந்துச்சு. இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்க."

கட்டை மறுபடி மேலே எழும்பியது. டீச்சர் கையை நீட்டினார்.

"அதைக் கொஞ்சம் கொடுங்க."

துரைக்கண்ணு வாக்கி டாக்கியைக் கொடுத்தார். டீச்சர் அதை ஆஃப் செய்தார். கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

வெள்ளைச்சாமியின் கை இடது பக்கம் காட்டிக்கொண்டே இருந்தது. கட்டை திரும்பவில்லை. அப்படியே அந்தரத்தில் நின்றது. காஜா கேபின் கண்ணாடியைத் தள்ளித் தலையை வெளியே நீட்டினார். சைகை காட்டுகிற கையை அவர் பார்க்கவில்லை. துரைக்கண்ணுவைப் பார்த்தார்.

"ஏன்டா நிறுத்திட்ட?" என்று கத்தினார் துரைக்கண்ணு.

"நீங்க ஒண்ணும் சொல்லலையேண்ணே!"

துரைக்கண்ணுவின் முகம் கறுத்தது.

"அதைக் கொடுங்க டீச்சர்."

"கொடுக்கிறேன். முதல் தடவை கட்டையை நடுவுல வச்சது யாரு துரைக்கண்ணு?"

துரைக்கண்ணு நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

அந்த வாரமே ஒரு பெரிய வேலை வந்தது. கரூரைத் தாண்டி, ரயில் பாதைக்கு மேலே ஒரு சாலைப் பாலம். இரண்டு பக்கமும் தூண்கள் எழுந்துவிட்டன. நடுவே பாலத்தைத் தாங்கும் ராட்சத இரும்பு உத்திரமான கர்டரைத் தூக்கி வைக்க வேண்டும். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம் ரயில்களை நிறுத்தித் தருவார்கள். அதற்குள் முடித்தாக வேண்டும்.

"துரை ஓட்டட்டும்," என்றார் முதலாளி.

"காஜா ஓட்டட்டும்," என்றார் டீச்சர்.

முதலாளி சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவரும் நிறுத்திக்கொண்டார்.

"விளையாடுறீங்களா? அது என்ன சுண்ணாம்புக் கோடா?"

"இத்தனை வருஷமா பயிற்சி கொடுத்திருக்கோம் சார். கொடுத்தோமா இல்லையான்னு தெரிஞ்சுக்க வேற வழி இல்லை."

"தப்பாப் போச்சுன்னா உங்க பயிற்சிப் பிரிவையே இழுத்து மூடிடுவேன்."

"சரி," என்றார் டீச்சர்.

வெளியே வந்ததும் துரைக்கண்ணு படபடத்தார். "என்னை ஒரு வார்த்தை கேட்காம ஒத்துக்கிட்டீங்களே!"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

துரைக்கண்ணு நடையைத் தளர்த்தினார். பிறகு, "இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"காஜாவையும் வெள்ளைச்சாமியையும் நீங்கதான் தயார் பண்ணணும். ஆனா கேள்வி மட்டும்தான் கேட்கலாம். பதில் சொல்லக்கூடாது."

வாழ்க்கையில் அவர் செய்த வேலைகளிலேயே கடினமான வேலை அதுதான்.

"அண்ணே, தூண்லேருந்து எவ்வளவு தள்ளி கிரேனை நிறுத்தட்டும்?"

"எவ்வளவுன்னு உனக்குத் தோணுது?"

"தெரிஞ்சு வச்சுக்கிட்டே சொல்ல மாட்டேங்கிறீங்களே!" காஜா கோபித்துக்கொண்டு போனார். மறுநாள் ஒரு பதிலோடு வந்தார். அது தப்பு. அதற்கடுத்த நாள் இன்னொன்றோடு வந்தார்.

துரைக்கண்ணுவுக்கு நாக்கு அரித்தது. சொல்லிவிடலாம்போல இருக்கும். அப்போதெல்லாம் டீச்சரின் கைப்பை நினைவுக்கு வரும். பல்லைக் கடித்துக்கொள்வார்.

ஒருநாள் யார்டில் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது கட்டை ஊசலாடியது. ஆடிய வேகத்தில் சுற்றுச்சுவரில் மோதியது. சுவர் பொலபொலவென்று சரிந்தது. அந்தப் பக்கம் ஆள் யாரும் நிற்கக்கூடாதென்று முதலிலேயே கயிறு கட்டியிருந்ததால் ஒருவருக்கும் அடி இல்லை.

முதலாளி ஓடி வந்தார். "இதை எந்தக் கணக்குல எழுதுறது?"

"பயிற்சிக் கணக்குல எழுதுங்க சார்," என்றார் டீச்சர். "போன வருஷம் பிஸ்கட்டையும் போட்டோ பிரேமையும் எழுதினோமே, அதே கணக்குல."

காஜா இடிந்த சுவரின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். துரைக்கண்ணு அருகில் போனதும் தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "நான் ரெண்டாவது ஆளாவே இருந்துடறேண்ணே. எனக்கு இது வராது."

என்ன தப்பு நடந்தது என்று துரைக்கண்ணுவுக்குத் தெரியும். நாலு வார்த்தையில் சொல்லிவிடலாம். அவரும் அங்கேயே உட்கார்ந்தார்.

"கட்டை எப்ப ஆட ஆரம்பிச்சுது காஜா?"

"திருப்பினப்ப."

"நல்லா யோசி."

காஜா யோசித்தார். கல்லும் மண்ணுமாகக் கிடந்ததை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். சற்றுக் கழித்து அவர் முகம் மாறியது.

"இல்லேண்ணே. அதுக்கு முன்னாடியே ஆடிச்சு. காத்து. காத்து அகலப் பக்கத்துல அடிச்சுது. நான் கவனிக்காம திருப்பிட்டேன்."

"அப்புறம்?"

காஜா எழுந்தார். கைலியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யாரிடமும் கேட்காமல் கேபினில் ஏறினார்.

அன்றிலிருந்து யார்டில் சத்தம் கூடியது. காஜாவும் வெள்ளைச்சாமியும் செங்கல்லைத் தூணாகவும் பென்சிலைக் கர்டராகவும் வைத்துத் தரையில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். கயிறு பிடிக்கும் கலாசிகளும் வந்து குந்திக்கொண்டார்கள். "நான் நிக்கிற இடத்துலேருந்து பார்த்தா நீ சொல்றது சரிப்படாது," என்று ஒருவர் சொல்வார். அதையும் கேட்டார்கள். துரைக்கண்ணு கேட்கிற கேள்விகளைவிட அவர்களே ஒருவரையொருவர் கேட்கும் கேள்விகள் கடுமையாக இருந்தன. சில நாள் அவர் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆடி மாதம்.

மின்கம்பிகளில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். கடைசி ரயில் போனதும் ரயில்வே அதிகாரி கையைத் தூக்கினார். பாதுகாப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஊரே நின்று பார்த்தது. இந்தப் பக்கம் முதலாளி, டீச்சர், துரைக்கண்ணு. துரைக்கண்ணுவிடம் வாக்கி டாக்கி இல்லை. இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றார்.

கர்டர், அதை ஏற்றி வந்த டிரெய்லர் லாரியிலிருந்து எழும்பியது. ஆள் உயரம் போனது. கிரேன் கேபினின் உயரம் போனது. அப்போது ஆடிக்காற்று அடித்தது.

புழுதி பறந்தது. இரும்பு மெல்ல அசைந்தது, பிறகு ஆடியது. முனைகளில் கயிறு பிடித்திருந்த கலாசிகளைத் தரதரவென்று இழுத்தது. வெள்ளைச்சாமி இரண்டு கைகளையும் விரித்தார். நில்.

காஜா நிறுத்தினார். நிறுத்தியதோடு விடவில்லை. கர்டரை நிதானமாக இறக்கி மறுபடி டிரெய்லரிலேயே வைத்துவிட்டார்.

கூட்டம் "அடடா" என்றது. ரயில்வே அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளியின் கழுத்தில் வியர்வை வழிந்தது.

"போச்சு. துரை, நீங்க ஏறுங்க."

துரைக்கண்ணு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் இவர் பக்கம் திரும்பவில்லை. கைப்பையின் வாரை அவர் இறுக்கிப் பிடித்திருந்ததில் விரல்கள் வெளுத்திருந்தன. உதடு ஏதோ ஜெபத்தை முணுமுணுத்தது. டீச்சருக்கும் பயம் இருந்தது. அதை அன்றுதான் துரைக்கண்ணு முதல்முறையாகப் பார்த்தார்.

"காஜாவை இறக்கிட்டு நீங்க ஏறுங்கன்னு சொல்றேன்!"

துரைக்கண்ணுவின் கால் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது. பழகிய கால். அப்போது நிமிர்ந்து கேபினைப் பார்த்தார். காஜா பாதி உடம்பை வெளியே நீட்டி வெள்ளைச்சாமியோடு பேசிக்கொண்டிருந்தார். இருவரும் தூரத்துப் பனைமரங்களின் ஓலை எந்தப் பக்கம் சாய்கிறதென்று கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். காஜா ஒருமுறைகூடத் தரையில் துரைக்கண்ணுவைத் தேடவில்லை.

அது அவருக்கு முள்போலத் தைத்தது. தைத்த இடத்திலேயே குளிர்ந்தது.

"ஏற மாட்டேன் சார்."

"என்னது?"

"நானா இருந்தா இறக்கியிருக்க மாட்டேன். காத்தோட மல்லுக்கட்டி உள்ளே கொண்டு போயிருப்பேன். இதுவரைக்கும் அப்படித்தான் செஞ்சேன், ஏதோ தப்பிச்சேன். அவன் இறக்கிட்டான் பாருங்க. அதுதான் சரி."

"நேரம் போயிட்டிருக்குய்யா! தவறிட்டா?"

"தவறிட்டா என் வேலையையும் சேர்த்து எடுத்துக்குங்க."

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார்.

அங்கே வேலை மளமளவென்று நடந்தது. டிரெய்லரை நகர்த்தித் திருப்பினார்கள். கர்டரின் குறுகிய முனை காற்றை நேராகப் பார்த்து நின்றது. முனைகளில் நீளமான கயிறுகளைக் கட்டினார்கள். கலாசிகள் இடம் மாறி, கால்களை அகட்டி ஊன்றி நின்றார்கள். வெள்ளைச்சாமி கட்டைவிரலை உயர்த்தினார்.

கர்டர் மறுபடி எழும்பியது. காற்று அடித்தது. கர்டர் ஆடவில்லை. வெள்ளத்தை எதிர்த்து நிற்கும் மீன்போல மூக்கை நீட்டிக்கொண்டு ஏறியது. மின்கம்பங்களைத் தாண்டியது. தூண்களின் தலைக்கு மேலே போய் நின்றது.

நின்றபடியே இருந்தது. காஜா அவசரப்படவில்லை. பனை ஓலைகள் மெல்லத் தாழ்ந்தன.

வெள்ளைச்சாமியின் கை திரும்பியது. கர்டரும் அதனோடு திரும்பியது. இரண்டு தூண்களுக்கும் குறுக்கே வந்தது. இறங்கியது. இன்னும் இறங்கியது. இரும்பு இரும்பில் உட்காரும் சத்தம் 'டங்' என்று கேட்டது.

தூண்மேல் இருந்த இன்ஜினீயர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினார்.

அதன் பிறகு யார் என்ன கத்தினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கலாசிகள் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஊர்க்காரர்கள் விசில் அடித்தார்கள். காஜாவைக் கேபினிலிருந்து இறக்கித் தோளில் தூக்கினார்கள். அவர் வெள்ளைச்சாமியின் கையைப் பிடித்து இழுத்து, "இவனையும் தூக்குங்கடா!" என்று கத்தினார். முதலாளி தன் வயதை மறந்து கலாசிகளோடு குதித்தார். காத்திருந்த ரயில் புதுக் கர்டருக்குக் கீழே வந்தபோது ஓட்டுநர் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே போனார். ஜன்னல்களிலிருந்து கைகள் அசைந்தன. துரைக்கண்ணு தொண்டை கட்டும்வரை கத்தினார். கன்னம் நனைந்திருந்தது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

காஜா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"அண்ணே! மூக்கைக் காத்துக்குக் காட்டித் தூக்கினேனே, எப்படி இருந்துச்சு?"

"எனக்கே தெரியாத வித்தைடா அது. எனக்குச் சொல்லிக்கொடு."

காஜா விளையாட்டென்று நினைத்தார். துரைக்கண்ணு விளையாடவில்லை. காஜா கைகளைக் கர்டராக்கிச் சொல்லிக்கொடுத்தார். துரைக்கண்ணு கவனமாகக் கேட்டார். இடையில் இரண்டு கேள்விகள் கேட்டார். இரண்டுக்கும் காஜாவிடம் பதில் இருந்தது. கம்பெனியின் மற்ற இரண்டாவது ஆபரேட்டர்கள் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள். "அடுத்த பெரிய வேலை எனக்கு," என்றார் ஒருவர். "வரிசையில நில்லு," என்றார் இன்னொருவர்.

முதலாளி மூச்சு வாங்க வந்தார். "அடுத்த மாசம் நெய்வேலியில ஒரு வேலை இருக்கு டீச்சர். யாரை அனுப்பறது?"

"துரைக்கண்ணுவைக் கேளுங்க சார். யார் யார் தயாரா இருக்காங்கன்னு அவருக்குத்தான் தெரியும்."

"பேர் சொல்றேன் சார். சாயங்காலம் சொல்றேன்," என்றார் துரைக்கண்ணு.

கூட்டம் மெல்லக் கலைந்தது. வேனின் நிழலில் குருவும் சீடரும் நின்றார்கள். தூரத்தில் காஜாவை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சந்தோஷமா இருக்கு டீச்சர்."

"முகத்துலயே தெரியுது."

"ஆனா ஒண்ணு. இனிமே துரைக்கண்ணு வர்றாரான்னு யாரும் கேட்க மாட்டாங்க."

"கேட்க மாட்டாங்க."

அவர் தன் வெறும் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேபின்ல ஏறலைன்னா நான் என்னத்தை ஓட்டுறது டீச்சர்?"

டீச்சர் சொன்னார்: "இத்தனை வருஷமா ஒரு நேரத்துல ஒரே ஒரு கிரேன்தானே ஓட்டிட்டு இருந்தீங்க, துரைக்கண்ணு."